வெர்னா செய்த டிரேட்

அடுத்த வருஷம் கோப்பை எங்களுக்குத்தான். போன வருஷமும் இதைத்தான் சொன்னேன். அதற்கு முந்தின வருஷமும் சொன்னேன். அக்டோபரில் எங்கள் பேஸ்பால் டீம் மஸ்கீஸ் தோற்று வெளியேறிய அன்று, ஊரே "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு டி.வி.யை அணைத்தது. அமெரிக்காவின் வடக்கே, எங்கள் விஸ்கான்சினில் குளிர்காலத்தைத் தாண்ட ஹீட்டர் பாதி உதவும். மீதியை இந்த வாக்கியம் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் இந்த முறை கோப்பைக்கு வேறொரு பக்கத்திலிருந்து ஆபத்து வந்தது. ஹாலில் இருக்கும் என் நாற்காலியைத் தூக்கி எறியப்போவதாக என் மனைவி வெர்னா அறிவித்தாள்.

அது என்ன சாதாரண நாற்காலியா? பக்கத்துப் பிடியை இழுத்தால் முதுகு சாயும், கால்பலகை எழும்பும். சமீப காலமாகக் கால்பலகை பாதியில் நின்றுவிடுகிறது, மீதியை நான் குதிகாலால் உதைத்து எழுப்பிக்கொள்கிறேன். கைப்பிடி முழுக்கக் கடுகு சாஸ் கறை. அதெல்லாம் வெளித்தோற்றம். நான் அதில் உட்கார்ந்திருந்தால் மஸ்கீஸ் ஜெயிக்கும், எழுந்தால் தோற்கும். கடைசி ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில், அடுப்பில் சாஸேஜ் கருகுகிறது, போய்ப் பார் என்று வெர்னா என்னை எழுப்பினாள். போனேன். சாஸேஜும் கருகியது, டீமும் கருகியது. அந்தத் தோல்விக்கு யார் பொறுப்பு என்று இன்றுவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

நாற்காலியைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. வெர்னாவையும் ரசிகையாக்கிவிடுவது. அப்புறம் அவளே அதைத் தூசி தட்டிப் பாதுகாப்பாள்.

குளிர்காலத்தில் ஆட்டம் கிடையாது. ஆள் மாற்றும் டிரேட் மட்டும்தான் நடக்கும். அதனால் சாப்பாட்டு மேஜையில் பாடத்தை அங்கிருந்தே ஆரம்பித்தேன். ஜனவரியில் எங்கள் செல்லப்பிள்ளை, குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சர் ஹாஸ்கம்ப்பை வேறு டீமுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊரே அழுதது. நானும் குளியலறையில் அழுதேன். ஆனால் மாணவி முன்னால் ஆசிரியர் அழலாமா?

"இத்தனை வருஷம் நமக்காக ஆடினவனையா குடுத்துட்டாங்க?" என்றாள் வெர்னா.

"அவனுக்கு முட்டி போச்சு. டீம் நடத்தறவன் பாசம் பாக்கக் கூடாது வெர்னா. இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கறதை, எவனாவது கேக்கறப்பவே தள்ளிவிட்டுடணும்."

"ஓகோ." ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். "நாம குடுக்கறதைவிட அவங்க குடுக்கறது ஒசத்தின்னா?"

"அப்ப நம்ம பக்கத்துலேர்ந்து இன்னொரு ஆளையும் சேத்துக் குடுப்பாங்க. யாருன்னு அன்னிக்கே சொல்ல வேண்டாம். பேர் பின்னால அறிவிக்கப்படும்னு மட்டும் சொல்லிடுவாங்க."

"அந்த ஆளுகிட்ட கேக்க மாட்டாங்களா?"

"அவனை எதுக்குக் கேக்கணும்? பெட்டியைக் கட்டுன்னு சொல்வாங்க. ஆனா வாங்கறவங்க முன்னாடியே ஆளைச் சோதிச்சுப்பாங்க. முதுகு, தோள், முட்டி எல்லாம் சரியா இருக்கான்னு."

தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் பேசியதை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு குந்தர் காபிக்கு வந்தார். இடுப்பில் ஆபரேஷன் செய்துகொண்டு கைத்தடியோடு நடமாடுகிற மனிதர். நான் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாக ரொம்ப நேரம் பார்த்தார். நான் உள்ளே வந்ததும் முதுகு வலி உண்டா என்று கேட்டார். கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார். குளிரில் முட்டி பிடித்துக்கொள்ளுமா என்று விசாரித்தார். என் உடம்பைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை. நெகிழ்ந்துபோய், வழுக்காமல் இருக்க வாசலில் தூவ வைத்திருந்த மணல் மூட்டையை ஒரே மூச்சில் தூக்கிக் காட்டினேன்.

"குதிரை மாதிரி இருக்கியேப்பா எல்மர்," என்றார். வெர்னா எனக்குக் கேக்கில் பெரிய துண்டாக வெட்டி வைத்தாள்.

சனிக்கிழமை உறைந்த ஏரியில் பனியைத் துளைத்து மீன் பிடித்துவிட்டு வீடு திரும்பினேன். ஹாலில் நாற்காலி இல்லை. அந்த இடத்தில் குந்தர் வீட்டு நீல சோபா இருந்தது.

"டிரேட் பண்ணிட்டேன்," என்றாள் வெர்னா. "ஆபரேஷனுக்கு அப்புறம் குந்தருக்கு இவ்வளவு தாழ்வா உக்கார முடியல. சாஞ்சு உக்கார நாற்காலி வேணுமாம்."

"வெர்னா, போனது நாற்காலி இல்ல. கோப்பை."

"அதுக்கு முட்டி போச்சு எல்மர். கால்பலகை பாதியிலயே நிக்குது. பாசம் பாக்கக் கூடாது."

சோபாவில் உட்கார்ந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சுகமாக இருந்தது. கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், என் மாணவியை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஓட்டை நாற்காலிக்குப் புது மெருகு மாறாத சோபா. எந்த டீமும் இப்படி ஒரு டிரேட் செய்ததில்லை.

"குந்தர் எப்படி ஒத்துக்கிட்டார்?" என்று கேட்டேன்.

"கூட ஓர் ஆளையும் சேத்துக் குடுத்தேன். பேர் பின்னால அறிவிக்கப்படும்னு."

விழுந்து விழுந்து சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே குந்தர் தன் வீட்டு வாசலில் நின்றார். ஒரு கையில் கைத்தடி, மறு கையில் பளபளவென்று புதுப் பனி மண்வெட்டி. என்னைப் பார்த்து அன்போடு தலையசைத்தார்.

"சோதனையெல்லாம் போன வாரமே முடிஞ்சிடுச்சு," என்றாள் வெர்னா. "இனிமே அவர் வாசல் பனியும் உன்னோடது. ஆனா ஆட்டம் நடக்கற நேரம் முழுக்க அந்த நாற்காலியில நீதான் உக்காரணும்னு பேசி வாங்கியிருக்கேன். அடுப்புல எது கருகினாலும் உன்னை எழுப்பக் கூடாதுன்னும் சொல்லிட்டேன்."

கோப்பை பிழைத்தது. இந்த வருஷம் நிச்சயம். கையுறையை மாட்டிக்கொண்டு, வாசற்படியில் நின்று, என்னை எப்போது திரும்ப வாங்குவாள் என்று கேட்டேன்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்று கதவைச் சாத்தினாள் வெர்னா.