சத்தப் பீரங்கியும் ஒரு றாத்தல் பாணும்

கொடிகாமம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மாமிக்கு,

மருமகன் வாகீசன் எழுதுறன். இஞ்சை நான் சுகம், வளவு சுகம், கிணத்துத் தண்ணியும் சுகம். உங்கடை முழங்கால் நோ குறைஞ்சிருக்கும் எண்டு நம்புறன். போன் இருக்கேக்கை ஏன் கடிதம் எண்டு யோசிப்பியள். போன் எண்டால் முதல் நீங்கள் அழுவியள், பிறகு "சாப்பிட்டீங்களோ தம்பி" எண்டு கேப்பியள், நான் ஓம் எண்டு பொய் சொல்லுவன், அதோடை லைன் அறுந்திடும், மாங்காயின்ரை கதைக்கு நாங்கள் வந்து சேரவே மாட்டம். எங்கடை ஊர்ச் சுவர்ணா நாளைக்குக் கனடா வெளிக்கிடுறா. அவவின்ரை கையிலை குடுத்துவிடுறன்.

ஆரணி வைச்ச கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறைதான் முதல் காய்ச்சது. பதினொரு காய். உங்களாலை வரேலாட்டிலும் மகள் வைச்ச மரத்துப் பழம் அவளின்ரை ஆண்டுத் திவசப் படையலிலை இருக்கோணும் எண்டு கேட்டியள், நானும் ஓம் எண்டிட்டன். ஆனால் குரங்குகளிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. பின்னேரம் அஞ்சு மணிக்கு, கந்தோர் முடிஞ்சு வாற ஆக்கள் மாதிரி, மதிலாலை வரிசையா வருகினம். ரெண்டு நாளிலை ரெண்டு காய் போயிட்டுது.

வெடி கொளுத்த எனக்கு விருப்பமில்லை. வெளிநாட்டுப் படைகள் ஆக்களைக் கொல்லாமல் கலைக்கிறதுக்கு என்னென்ன வைச்சிருக்கினம் எண்டு இருந்து வாசிச்சன். கண்ணைக் கூசப்பண்ணிற லேசர் இருக்காம். நான் வேலை செய்யிற கம்பஸ் லாப்பிலை கிடந்த சின்னப் பச்சை லேசரைக் கொண்டுவந்து, கண்ணிலை படாமல் மதிலிலை அடிச்சன், உவங்கள் அந்தப் பொட்டைப் பிடிக்கப் பாஞ்சு விளையாடி, அடுத்த நாள் சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திட்டாங்கள், இன்னும் ரெண்டு காய் போச்சு. பிறகு நாத்தக் குண்டு எண்டு ஒண்டு வாசிச்சன். மீன் கழுவின தண்ணியை நாலு நாள் புளிக்க வைச்சு மரத்தைச் சுத்தி ஊத்தினன். குரங்குகளுக்கு மூக்கு இல்லைப் போலை. பக்கத்து வீட்டுக் குணலட்சுமி அக்காவுக்குத்தான் இருந்தது. அவ பெட்டியைக் கட்டிக்கொண்டு மானிப்பாயிலை தங்கச்சி வீட்டை போயிட்டா. புருசன் பஞ்சலிங்கம் அண்ணை தேத்தண்ணி போடத் தெரியாமல் என்னைப் பாத்துப் பாத்து நடந்தார்.

மூண்டாவதுதான் சத்தப் பீரங்கி. திருநெல்வேலியிலையிருந்து வாற பஸ்ஸிலை, என்னோடை வேலை செய்யிற நிர்மலனுக்குப் போனிலை விளங்கப்படுத்திக்கொண்டு வந்தன். "மச்சான், இது உயிர் எடுக்காத ஆயுதம்" எண்டன். பக்கத்திலை இருந்தவருக்குக் கடைசிச் சொல்லு மட்டும்தான் கேட்டிருக்கு. எழும்பினவர் சாவகச்சேரி மட்டும் நிண்டுகொண்டுதான் வந்தவர். எனக்கு ரெண்டு சீற் கிடைச்சுது.

பீரங்கி எண்டாலும் பெட்டி சின்னன்தான் மாமி. மனிசற்றை காதுக்குக் கேக்காத சத்தத்திலை கேக்கிற சத்தத்தை ஏத்தி ரோச் வெளிச்சம் மாதிரி நேரா அனுப்பிறது. முன்னாலை நிக்கிறவனுக்குக் காதுக்கை வந்து கதைக்கிற மாதிரி இருக்கும். பின்னாலை நிக்கிறவனுக்கு ஒண்டுமே கேக்காது. இதை வடிவா ஞாபகம் வைச்சிருங்கோ.

செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்குப் பெட்டியை மாமரத்தைப் பாக்க வைச்சு, போனிலை கிடந்த நாய் குரைக்கிற பதிவைத் தட்டி, திருப்பித் திருப்பிப் போட விட்டிட்டு, பின்னாலை கதிரையைப் போட்டு இருந்தன். குரங்குகள் அசையேல்லை. ஆனால் மதிலுக்கு அங்காலை ஒழுங்கையிலை சைக்கிளிலை வந்த ஒருத்தர் பிறேக் போட்டார், சுத்திப் பாத்தார், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சந்திக்குப் போனார். பிறகு இன்னொருத்தர். பிறகு மோட்டச்சைக்கிள் ஒண்டு. வந்த ஆம்பிளையள் எல்லாரும் திரும்பிப் போச்சினம். கால் மணித்தியாலத்தாலை ஆளுக்கொரு பாணோடை வந்திச்சினம். சந்தியிலை யாகப்புவின்ரை பேக்கரியிலை பாண் முடிஞ்சு, பிந்திப் போனவைக்கு இனிப்புப் பணிசுதானாம்.

பாணைக் கண்ட குரங்குகள் மாமரத்தை விட்டிட்டு மதிலாலை இறங்கிச்சினம். பிறகு நடந்ததை நான் எழுதேல்லை, ஆனால் ஒருத்தருக்கும் காயமில்லை. மாங்காய் ஏழும் அப்பிடியே இருந்தது. ஆயுதம் வேலை செய்திட்டுது எண்டு நினைச்சன்.

பஞ்சலிங்கம் அண்ணை படலையைத் திறந்துகொண்டு வந்தார், கையிலை ரெண்டு பாண், முகத்திலை ரத்தமில்லை. மானிப்பாயிலை இருக்கிற மனிசி ஒழுங்கையிலை வைச்சு "இஞ்சாருங்கோ" எண்டு காதுக்கை கூப்பிட்டு, ஒரு றாத்தல் பாண் வாங்கச் சொன்னவவாம். பயத்திலை ரெண்டு வாங்கிப்போட்டு மானிப்பாய்க்குப் போன் எடுத்து, "நீர் எங்கை நிக்கிறீர்" எண்டு கேட்டவராம். அதுக்கு அவ குடுத்த மறுமொழியை இதிலை எழுதேலாது.

எங்கடை ஊரிலை எந்த மனிசி புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவ? ஒழுங்கையிலை போற அத்தினை பேருக்கும் ஒரே பேர்தான், இஞ்சாருங்கோ.

கடைசியா நடராசா மாஸ்ரர் வந்தார். மனிசி செத்து ஆறு வருசம். அவரும் பாண் வாங்கினவர், குரங்கு பாதியைப் பறிச்சுப்போட்டுது. படலையடியிலை நிண்டு, "தம்பி, அது ஆரணியின்ரை குரலெல்லோ" எண்டார்.

போனை எடுத்துப் பாத்தன். நாய்ப் பதிவுக்கு மேலை கிடந்ததைத் தட்டியிருக்கிறன். அவள் எனக்குக் கடைசியா அனுப்பின குரல், பாண் வாங்கிவரச் சொல்லி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முதல் நாள். பதினொரு மாசமா நான் அதைத் தொடேல்லை. ஊர் முழுக்கக் கேட்டிட்டுது. நான் பின்னாலை இருந்தனான்.

மாஸ்ரர், "நாளைக்கும் போடுவீரோ? எத்தினை மணிக்கு?" எண்டு மட்டும் கேட்டார்.

நேற்றுக் காலமை ஊர் அலுவல் பாக்கிற விதானையார் வந்து, உது ஆயுதமோ எண்டு விசாரிச்சார். உயிர் எடுக்காத ஆயுதம் எண்டன். அவர் யோசிச்சுப்போட்டு, புத்தகத்திலை "பாட்டுப்பெட்டி" எண்டு எழுதினார். போகேக்கை, தானும் பணிசு வாங்கினதாச் சொன்னார். குணலட்சுமி அக்காவும் திரும்பி வந்திட்டா. தன்ரை குரலிலை மரக்கறி லிஸ்ற் ஒண்டு போட்டுத் தரேலுமோ எண்டு ரகசியமாக் கேட்டா.

நான் ஊருக்கு இடைஞ்சல் வேண்டாம் எண்டு பெட்டியைக் கழட்டிப்போட்டன். பதிவையும் அழிச்சிட்டன். இனி அது எனக்குத் தேவையில்லை. காய் ஏழுக்கும் கம்பிவலை கட்டியாச்சு, திவசத்துக்குப் பழுக்கும். என்னை நினைச்சுக் கவலைப்படாதேங்கோ.

குளிருக்கை வெளியிலை திரியாதேங்கோ. நல்லூரான் உங்களுக்கும் மாமாவுக்கும் நல்ல சுகத்தைத் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கடை மருமகன்
வாகீசன்

பி.கு.: சுவர்ணா கடிதம் வாங்க இன்னும் வரேல்லை, அதாலை மிச்சத்தையும் எழுதுறன். பெட்டி கழட்டேல்லை. பதிவும் அழிக்கேல்லை. நேற்று அஞ்சு மணிக்குப் போட்டுவிட்டிட்டு ஒழுங்கைக்குப் போய் முன்னாலை நிண்டனான். மாஸ்ரர் சேட்டு மாத்திக்கொண்டு வந்து ஏற்கெனவே நிண்டவர். பாண் வாங்கச் சொன்னதைத்தான் எல்லாரும் வந்து சொன்னவை, ஒருத்தரும் முழுசாக் கேக்கேல்லை. கடைசியிலை "கேக்குதோ?" எண்டும் ஒரு சொல்லுக் கிடக்கு மாமி. ஓம் எண்டனான். பிறகு சந்திக்குப் போய் ஒரு றாத்தல் வாங்கினன். பாதி குரங்குக்கு. மற்றப் பாதி நான் சாப்பிட்டனான். இது பொய்யில்லை.