தாடியோடு ஊதப் போன கதை

ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வயதில் நான் வளர்த்த தாடிக்கும் மார்க்கப்பற்றுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அது முகப்பருவை மறைக்க வளர்த்த தாடி. கன்னத்திலும் நாடியிலும் பரு அப்படிப் பொங்கிக் கிடந்தது. கண்ணாடி பார்க்காமலே தலைவாரப் பழகியிருந்தேன்.

ஆனால் எங்கள் ஊர் சாய்ந்தமருதில் ஒருவன் தாடி வைத்தால், ஏன் வைத்தான் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டே மாதத்தில் பள்ளிவாசலில் முன்வரிசையில் இடம் கிடைத்தது. பெரியவர்கள் தேடிவந்து கைகொடுத்தார்கள். நானும் பார்வையைத் தாழ்த்தி, குரலைக் குறைத்து, அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டேன். (சும்மா கிடைக்கிறதை யார்தான் வேண்டாம் என்பது?)

அந்தத் தாடியைப் பார்த்துத்தான் ஹார்ட்வெயார் கடை ஹாஜியார் தன் மகள் சப்னாவை எனக்குப் பேசினார். "இந்தக் காலத்துப் பொடியன்மாரில இப்பிடி ஒரு தாடியா!" என்று என் வாப்பாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது வழக்கம். வீட்டுக்குள் வைக்கப்போகிற சாமானை மனிதர் பார்த்துத்தானே எடுப்பார்? எனக்கோ சப்னாவை டியூசன் காலத்திலிருந்தே பிடிக்கும். இந்தக் கலியாணம் குழம்பினால் நான் தொலைந்தேன்.

அந்த நேரம் கட்டார் வேலைக்கு மெடிக்கல் வந்தது. கொழும்புக்குத் தன் வேனிலேயே கூட்டிப்போனார் வருங்கால மாமாவான ஹாஜியார். இரத்தம், எக்ஸ்ரே எல்லாம் சரி. கடைசியாக நுரையீரல் பரிசோதனை. ஓர் அட்டைக் குழாயை வாயில் வைத்து ஊத வேண்டும். அன்று பார்த்து என் மேலுதட்டு ஓரத்தில், மீசைக்குள், சுண்டைக்காய் அளவில் ஒரு பரு. குழாய் தொட்டதும் உயிர் போய் வந்தது.

"வாய இறுக்கி மூடிட்டு ஊதுங்க," என்றார் பரிசோதிக்கும் மிஸ்.

இறுக்கினால் பரு உடையும். உடைந்தால் கத்துவேன். பக்கத்தில் மாமா நிற்கிறார். ஆகவே இறுக்கியது போல் நடித்தேன். மூச்சில் பாதி குழாய்க்குள் போனது, மீதி தாடிக்குள் போனது.

"ஊதுங்க, ஊதுங்க, இன்னும்!"

மூன்று தடவை ஊதினேன். மிஸ் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எழுபது வயசுக்காரர்ட மூச்சுதான் இதில காட்டுது. சிகரெட் பாவிக்கிறீங்களா?"

"யா அல்லாஹ்!" என்று மாமா கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் ஊர் வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. (வழிநெடுக மாமா போனில்தான் இருந்தார்.) மறுநாள் அஸர் தொழுகைக்குப் போனால் எனக்காகத் துஆ கேட்கிறார்கள். எல்லாரும் ஆமீன் சொன்ன சத்தத்தில் எனக்கே என்மேல் இரக்கம் வந்தது. வீட்டில் உம்மா கருஞ்சீரக எண்ணெயோடு காத்திருந்தார். நான் அறைக்குள் புகுந்து போனில் தேடினேன். 'முகப்பரு உள்ளவர்களில் நுரையீரல் பரிசோதனை முடிவுகள் பிறழ்வது' என்று ஒரு பக்கம் கிடந்தது. தலைப்பைத் தாண்டி வாசிக்கத் தைரியம் வரவில்லை. முகத்தில் இடம் போதாமல் பருக்கள் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டன என்று முடிவு கட்டி அழுதேன். இருமல்கூட வந்தது.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு மாமா வந்தார். "தம்பி, ஒண்டும் மனசில வெச்சிக்கிடாதீங்க. கொஞ்ச நாள் யோசிப்பம்."

கலியாணப் பேச்சில் 'யோசிப்பம்' என்றால் முடிந்தது என்று அர்த்தம். இனி மறைத்து என்ன?

"மாமா, நெஞ்சில நோய் இருக்கோ என்னமோ தெரியா. ஆனா நான் ஒழுங்கா ஊதல்ல. வாயில பரு." மீசையை விலக்கிக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார்.

"அப்ப தாடிய வழிச்சி, இது ஆறினாப் பொறகு ஊதலாந்தானே? ஒரு தரத்துக்கு வழிச்சாக் காரியமில்ல. திரும்ப வளரும்."

"இல்ல மாமா... தாடியும் பருவுக்குத்தான்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு எழுந்தார். "நெஞ்சு பழுதெண்டாக்கூட சபுர் செஞ்சி பொறுத்திருப்பன் தம்பி," என்றுவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. என்னைக் காப்பாற்றியது சப்னா. தன் வாப்பாவுக்கு முன்னால் போய் நின்று சொல்லியிருக்கிறாள்: "அவர்ட பரு எனக்கு டியூசன்லயே தெரியும் வாப்பா. இந்தத் தாடியத்தான் நான் ஒங்களுக்காகப் பொறுத்துக்கிட்டிருந்தன்."

இரண்டு கிழமை கழித்து, வழித்த முகத்தோடு மறுபடி ஊதினேன். குழாய் பறக்காதது அதிசயம். முடிவு சுத்தம். வேலையும் கிடைத்தது, கலியாணமும் நடந்தது.

மாமாதான் பழைய மாமாவாகவில்லை. சப்னாவின் தங்கைக்கு இப்போது இடம் பார்க்கிறார். பொடியனின் குடும்பம், படிப்பு எல்லாம் விசாரித்து முடிந்ததும் ஜிப்பாப் பைக்குள் கைவிட்டு ஒரு பலூனை எடுத்து நீட்டுகிறாராம். பொடியனுக்குத் தாடி இருந்தால், இரண்டு.