நாலு நிமிஷத் தலையாட்டல்

சபைக் கட்டடத்தின் கூரையைப் பிரித்ததில் மற்றவர்களுக்கெல்லாம் கூரை போயிற்று. லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தூண் போயிற்று.

கடைசிக்கு முந்தின வரிசை, இடது ஓரம், நல்ல அகலமான தூண். அதன் பின்னால்தான் அவர் பதினெட்டு வருஷமாக ஆராதனை செய்து வந்தார். கண்ணை மூடியபடி, ஆழ்ந்து, சில வாரங்களில் வாயைத் திறந்தும். வாரத்தில் ஆறு நாள் ஐந்து மணிக்கு எழுந்து, அலுவலகங்களில் ஆட்கள் வருவதற்கு முன்னால் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, கம்பி வடத்தையும் கதவுச் சக்கரத்தையும் பார்த்துவிட்டு வருகிற மனிதர். ஆயிரம் பேரை மேலே ஏற்றிவிடுகிறவருக்கு ஒரு நாள் சாய்ந்துகொள்ள இடம் வேண்டாமா?

கூரை வேலை முடிய ஏழு வாரம் ஆகும் என்று போதகர் அறிவித்தார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனிலிருந்து பெந்தெகொஸ்தே வரைக்கும் எல்லா ஆராதனையும் ஆன்லைனில். எல்லாரும் கேமராவைத் திறந்து வைக்க வேண்டும். முகம் தெரியாவிட்டால் அது என்ன சபை என்று கேட்டார். திரையில் இருபத்தாறு சதுரம். இருபத்தாறும் முன்வரிசை.

அது மெனோனைட் சபை. சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்பார்கள். வாத்தியம் இல்லாமல் நாலு குரலில் பாடுவார்கள். நீதிமன்றமே கூப்பிட்டாலும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான். அங்கே பாட்டை எடுத்துக் கொடுப்பது மெக்கானிக்கின் மனைவி. அவள் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். கண்ணுக்குத் தெரியாததை எண்ணிச் சொல்லியே இருபது வருஷமாகச் சம்பளம் வாங்குகிறவள். இந்த விவரத்தை மெக்கானிக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

யோசனை அவருக்கு வந்தது பெரிய வியாழன் சாயங்காலம். அன்றைக்குச் சபையில் ஒருவர் காலை ஒருவர் கழுவுவது வழக்கம். ஆன்லைனில் எப்படிக் கழுவுவது? அவரவர் வீட்டில் கழுவுங்கள், கேமராவை மட்டும் கீழே இறக்கி வையுங்கள் என்றார் போதகர். திரை முழுக்கக் கால்கள். ஐம்பது கால் இருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் காலை வைத்ததும் மெக்கானிக்குக்குச் சொக்கியது. பத்து நிமிஷம் அருமையாகத் தூங்கினார். முகம் யாருக்கும் தெரியவில்லை.

"தூங்கிட்டீங்களா?" என்றாள் மனைவி, பாதத்தைத் துடைத்துக்கொண்டே.

"சேச்சே. தியானம்."

"குறட்டை வந்துதே."

"ஆழ்ந்த தியானம்."

ஈஸ்டர் ஞாயிறு அன்று இரண்டு மணி நேரம் விறைப்பாக உட்கார்ந்து பார்த்தார். கண்ணைத் திறந்து வைப்பதற்காகக் கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டதில் ரத்தமே வந்துவிட்டது. இதற்கு ஒரு முடிவு கட்டியே தீருவது என்று மனதுக்குள் உறுதி எடுத்துக்கொண்டார்.

ஆன்லைன் கூட்டத்தில் நமக்குப் பின்னால் இருக்கிற சுவரை மறைத்துக் கடற்கரையோ தோட்டமோ ஓடவிடும் வசதி ஒன்று உண்டு. சனிக்கிழமை மனைவி வேலைக்குப் போனதும் மெக்கானிக் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு படுக்கையறை நாற்காலியில் உட்கார்ந்தார். பிரசங்கம் கேட்பதுபோல் நாலு நிமிஷம் தன்னையே வீடியோ எடுத்தார். நடுவில் ஒரு புன்னகை, இரண்டு தலையாட்டல், இயல்பாக இருக்கட்டும் என்று மூக்கில் ஒரு சொறி. கடற்கரை ஓடவேண்டிய இடத்தில் அதை ஓடவிட்டு, கேமராவைக் காலி நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்தார். திரையில் பார்த்தால் அவரேதான். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

இருவரும் ஒரே அறையில் இருந்தால் எதிரொலிக்கும் என்று மனைவி சமையலறையில் லேப்டாப்போடு உட்கார்ந்துவிடுவாள். இவர் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். மறுநாள் ஞாயிறு பிரமாதமாகத் தூங்கினார். அதற்கடுத்த ஞாயிறும் தூங்கினார். திங்கட்கிழமை போதகரே போன் பண்ணினார்.

"சகோதரரே, உங்க முகத்தப் பாத்துதான் பேசறேன். எல்லாரும் போனையும் ஜன்னலையும் பாக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் அசையாம கேக்கறீங்க."

"எல்லாம் உங்க பிரசங்கம்தான் காரணம், ஐயா." ஒரு விதத்தில் அது உண்மையும்கூட.

மனைவியும் கவனித்திருந்தாள். அன்று சாப்பிடும்போது கேட்டாள்.

"உங்களுக்கு மூக்குல ஏதாவது அலர்ஜியா?"

"இல்லையே. ஏன்?"

"ஆராதனை முழுக்கச் சொறிஞ்சிட்டே இருக்கீங்க. நாலு நிமிஷத்துக்கு ஒரு தரம்."

மெக்கானிக் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆனால் அவள் குழம்பைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"தூசி," என்றார்.

"மாத்திரை தரேன். அப்புறம் இன்னொண்ணு. தலையாட்டறதுதான் ஆட்டறீங்க, கொஞ்சம் நல்லா ஆட்டலாமே? ஏதோ வேண்டா வெறுப்பா ஆட்டற மாதிரி இருக்கு. போதகர் பாவம், உங்களையே பாத்துப் பேசறாரு. சிரிக்கறதையும் கொஞ்சம் சேத்துச் சிரிங்க."

அப்பாடா, கண்டுபிடிக்கவில்லை என்று மூச்சு விட்டார். நல்ல ஆலோசனையாகவும் பட்டது. அந்தச் சனிக்கிழமை புது வீடியோ எடுத்தார். சொறி கிடையாது. பத்து விநாடிக்கு ஒரு தலையாட்டல், தாராளமாக, தாடை நெஞ்சில் இடிக்கிற மாதிரி. நாலைந்து புன்னகை. ஒரு தடவை கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். எடுத்து முடித்துப் போட்டுப் பார்த்தபோது அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது.

நாலாவது ஞாயிறும் சுகமாகப் போயிற்று. ஐந்தாவது ஞாயிறு பத்தே முக்காலுக்கு எழுந்து, சோம்பல் முறித்து, காபி கிடைக்குமா என்று சமையலறைப் பக்கம் போனார். மனைவி லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தாள். அவளே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். பதினெட்டு வருஷத்தில் இது நடந்ததில்லை.

"எனக்கு ரொம்பப் பெருமையா இருக்குங்க."

"எதுக்கு?"

"சபைக் கூட்டத்துல நீங்க அப்படி ஒத்துக்குவீங்கன்னு நான் எதிர்பார்க்கவே இல்ல."

அன்றைக்கு ஆராதனைக்குப் பிறகு சபைக் கூட்டம் என்பது மெக்கானிக்குக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தச் சபையில் ஓட்டெடுப்பு கிடையாது. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சம்மதமா என்று கேட்பார்கள். தலையாட்டினால் முடிந்தது.

"ஆமா... ஒத்துக்கிட்டேன்," என்றார் ஜாக்கிரதையாக. "நீ ஒரு தடவ சொல்லு, நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாப்போம்."

"போஸ்ட்மாஸ்டர் தாத்தா, அந்த அக்கா தங்கச்சி ரெண்டு பேர், மாடி வீட்டு டைப்பிஸ்ட் அம்மா. மூணு வீட்லயும் வயசானவங்க. அவங்களால ஆன்லைன்ல ஒழுங்கா சேர முடியல. ஒருத்தருக்குப் படம் வந்தா சத்தம் வராது, இன்னொருத்தருக்குக் கூரைதான் தெரியுது. யாராவது ஞாயித்துக்கிழமை காலைல நேர்ல போய் எல்லாத்தையும் சரிபண்ணிக் குடுத்துட்டு வரணும்னாங்க. நான்தான் உங்க பேரைச் சொன்னேன்."

"நீயா?"

"லிஃப்டையே ரிப்பேர் பண்றவராச்சேன்னு சொன்னேன். போதகர் உங்களப் பாத்து, சம்மதமா சகோதரரேன்னு கேட்டார். ஆட்டினீங்க. ஒவ்வொரு ஞாயிறுமான்னார். ஆட்டினீங்க. ஆறரைக்கே கிளம்பணுமேன்னார். சிரிச்சுக்கிட்டே ஆட்டினீங்க. நெஞ்சுல வேற கையை வச்சீங்க. டைப்பிஸ்ட் அம்மா அழுதுட்டாங்க."

மெக்கானிக்குக்கு முழி பிதுங்கியது. "சரி, போகட்டும். இன்னும் ரெண்டு வாரம்தானே. அப்புறம் கூரை வந்துடும்."

"கூரை வந்தா என்ன? அவங்களால படி ஏற முடியாது. அவங்களுக்காக ஆன்லைன் எப்பவும் இருக்கும்னு முடிவாயிடுச்சு. அதுக்கும் நீங்கதான் முதல்ல ஆட்டினீங்க."

அந்த வாரம் முழுக்க மெக்கானிக் லிஃப்ட் குழிக்குள் உட்கார்ந்து யோசித்தார். இல்லை என்று பின்வாங்க முடியாது. ஆம் என்றால் ஆம். ஆனால், ஆம் என்று சொன்னது யார்? வீடியோ. வீடியோ ஞானஸ்நானம் எடுக்கவில்லை, சபையில் உறுப்பினரும் இல்லை. அது சொன்ன ஆம் செல்லுமா? செல்லாது. ஒரே ஒரு ஞாயிறு எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லி அவமானப்பட்டால், மிச்சமுள்ள ஞாயிறுகளெல்லாம் தூங்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தார். லாபம்தான்.

ஆறாவது ஞாயிறு அவரே, நேரில், சலவைச் சட்டையோடு கேமரா முன் உட்கார்ந்தார். பிரசங்கம் முடிந்து, மனதில் உள்ளதைப் பகிர்ந்துகொள்ளும் நேரம் வந்ததும் மைக்கைத் திறந்தார்.

"போன வாரம் தலையாட்டினது நான் இல்ல. வீடியோ. நாலு நிமிஷ வீடியோ. நான் கட்டில்ல தூங்கிட்டிருந்தேன்."

இருபத்தைந்து சதுரமும் அப்படியே உறைந்தன. இணையம் நின்றுவிட்டதோ என்று பார்த்தார். நிற்கவில்லை.

"எத்தன நிமிஷம்?" என்று கேட்டார், சகோதரிகளில் காது கேட்காத அக்கா.

"நாலும்மா."

போஸ்ட்மாஸ்டர் தாத்தா திரைக்கு மிக அருகே வந்தார். நெற்றி மட்டும் தெரிந்தது. "அப்ப அதுக்கு முந்தின வாரம், என் முழங்கால் ஆபரேஷனைப் பத்தி நான் சொன்னப்போ..."

"அதுவும் வீடியோதாங்க."

"எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்துதே தம்பி. எல்லாரும் எங்கேயோ பாத்தாங்க. நீங்க மட்டும்தான் நெஞ்சுல கைய வச்சுக் கேட்டீங்க."

மெக்கானிக் இதற்குத் தயாராக வந்திருக்கவில்லை. அவமானப்படுவதென்று திட்டம் போட்டிருந்தார், ஆனால் இப்போது உண்மையாகவே அவமானமாக இருந்தது. காது இரண்டும் சுட்டன. "தப்புதான்யா," என்றார். அதைச் சும்மா சொல்லவில்லை.

போதகர் எல்லாரையும் பார்த்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். "மன்னிச்சாச்சு சகோதரரே," என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. லிஃப்ட் மூன்றாவது மாடிக்குப் போய்ச்சேர அதைவிட நேரமாகும்.

"அப்ப அந்தச் சம்மதம்..." என்று மெதுவாக இழுத்தார் மெக்கானிக்.

"அது செல்லாது. உங்கள நாங்க கட்டாயப்படுத்த மாட்டோம்."

அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கையை மைக் பொத்தானுக்குக் கொண்டுபோனார். அதற்குள் சமையலறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது, சுவர் வழியாக ஒன்று, திரை வழியாக ஒன்று.

"செல்லாதுன்னா மறுபடி கேக்கணும் இல்லைங்களா, ஐயா? இப்பதான் அவரே வந்திருக்காரே."

"ஆமாமா, அதுதான் முறை," என்றார் போதகர். "சகோதரரே, சம்மதமா?"

இல்லை என்று சொல்லலாம். யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள், கோபப்படமாட்டார்கள், அடுத்த வாரமும் அன்பாக விசாரிப்பார்கள். அதுதான் கஷ்டம். போஸ்ட்மாஸ்டரின் நெற்றி திரையை விட்டு நகரவே இல்லை. மெக்கானிக் தலையாட்டினார்.

"சத்தமாச் சொல்லுங்க," என்றார் காது கேட்காத அக்கா. "ஆட்டறது நீங்கதானான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆம்," என்றார் மெக்கானிக்.

ஆராதனை முடிந்ததும் சமையலறை வாசலில் போய் நின்றார். மனைவி பாட்டுப் புத்தகத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. நீங்க திரையில தலையாட்டிட்டிருந்தீங்க, இந்தப் பக்கம் சுவர் வழியா குறட்டை கேட்டுது."

"அப்பவே சொல்லியிருந்தா நான் ஒழுங்கா எழுந்து உக்காந்திருப்பேனே! எதுக்கு மூக்கு, அலர்ஜின்னு சுத்தி வளைச்ச?"

"ஒரு வாரம் உக்காந்திருப்பீங்க," என்றாள் அவள், புத்தகத்தை அலமாரியில் வைத்தபடி. "இனிமே ஒவ்வொரு ஞாயிறும் மூணு வீட்ல உங்களுக்காகக் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு அவங்க உக்காந்திருப்பாங்க."