ரெய்னர்ஸ் லேனில் ஆபிரிக்காச் சூரியன்

ரெய்னர்ஸ் லேனுக்குப் புதிதாக ஒரு சூரியன் வந்திருக்கிறது. பழையதற்கு என்ன குறை என்று கேட்காதீர்கள். முப்பது வருடமாகப் பொங்கல் படைத்தும் அது லண்டனில் ஒழுங்காக முகம் காட்டவில்லையே!

புதியவர் பெயர் அன்யன்வு. நைஜீரியாவில் இக்போ மக்கள் வணங்கும் சூரிய தெய்வம். அழைத்து வந்தவர் சுஜீத் சுவாமிகள், போன வருடம்வரை கார் இன்சூரன்ஸ் விற்றவர். வாடகை மண்டபத்தில் ஒரு மேசை, மஞ்சள் துணி, அதன்மேல் செப்புத் தட்டு. காசு கட்டித் தொட்டால் சுடும். சுட்ட கையைக் கண்ணில் ஒற்றினால் கண் நோய் பறந்துவிடுமாம். ஞாயிறு காலையில் கியூ பஸ் தரிப்பைத் தாண்டும்.

"எங்கட சூரியனைவிட ஆபிரிக்காச் சூரியனுக்குச் சூடு கூட," என்றார் கியூவில் நின்ற பாலாம்பிகை. வானத்தில் இரண்டு மூன்று தொங்குகின்றன போலும்! "செவ்வாய்க்கிழமை கண் ஒப்பரேஷனை வேண்டாமெண்டு சொல்லப்போறன்."

தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் மகள் றூபினி தன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் சியோமாவைக் கூட்டி வந்திருந்தாள். சியோமா இக்போப் பெண். சுவாமிக்கு இக்போ மொழியில் வணக்கம் சொன்னாள். சுவாமி கண்ணை மூடிக்கொண்டார்.

சியோமா றூபினியின் காதில் ஏதோ சொன்னாள்.

"சுவாமி, வெளியில நல்ல வெயில். தட்டை அங்க கொண்டுபோவம். இன்னும் கூடச் சுடுமெல்லே?" என்றாள் றூபினி.

"வெயில் படக்கூடாது பிள்ளை! தெய்வத்துக்கு ஆகாது!"

சூரிய தெய்வத்துக்கு வெயில் ஆகாதாம். கியூவில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

பாலாம்பிகைக்கு ரோசம் வந்தது. தன் சாமியைப் பார்த்துச் சிரிப்பதா? தட்டைத் தூக்கிக்கொண்டு கார் பார்க்குக்கு நடந்தார். வெயிலில் பிடித்தார். மாசி மாதக் காற்றில் தட்டு ஐஸாகிவிட்டது. திரும்பி வந்து மஞ்சள் துணியைத் தானே உரித்தார். அடியில் முதுகு நோவுக்கு வைக்கும் ஹீட்டிங் பேட். வயர் சுவர்வரை போயிருந்தது.

"இது என்ர வீட்டிலயும் கிடக்குது!"

"அது... தெய்வத்துக்குக் குளிர் அம்மா," என்றார் சுவாமி.

சனம் சுவாமியைத் திட்டித் தீர்த்தது. திட்டி முடித்ததும் சியோமாவைச் சூழ்ந்தது. "பிள்ளை, நீங்கள் அந்த ஊர்தானே, தலையில ஒருக்கா கை வையுங்கோ!"

சியோமா சொன்னதை றூபினி தமிழில் சொன்னாள்: "இவவின்ர அப்பப்பா காலமையில முற்றத்தில நிண்டு சூரியனைக் கும்பிடுவாராம். இடையில ஆள் வைக்கேல்லையாம்."

"செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கடி போகோணும்?" என்று கேட்டார் பாலாம்பிகை.

சூரியன் எல்லாருக்கும் சும்மாதான் உதிக்கிறது. அதற்கும் வாசலில் ஒருவன் டிக்கெட் கிழித்தால், கையை நீட்டுமுன் மேசைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். முதுகு வலித்தாலும் பரவாயில்லை.