நிற்காத வண்டி

"நிற்காத வண்டி" என்று மூன்று மாதமாகத் துளசிராம் மதுரைச் சுற்றுவட்டாரம் முழுக்கச் சொல்லித் திரிந்த சிவப்பு அறுவடை மிஷின், சோழவந்தானுக்கு மேற்கே சோணைமுத்துவின் வயலில் இறங்கி, இருபது அடி போய் நின்றுவிட்டது.

தை மாதம், திங்கட்கிழமை, காலை ஏழு இருபது. வரப்பில் ஐம்பது பேர் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை என்பதுதான் துளசிராமுக்கு அதிக வயிற்றெரிச்சல்.

ஓட்டுநர் மருது மேலேயிருந்து குனிந்து, மெதுவாகத்தான் சொன்னான்.

"அப்பவே சொன்னேன்ல சார். பனி காயாம வண்டிய எறக்கக் கூடாது. ஈர வைக்கோலு உள்ள சுருட்டிக்கிருச்சு."

சொன்னான்தான். ஆனால் ஏழரைக்கு ராகு காலம் பிறக்கிறது. முக்கியமான டெமோவை ராகு காலத்தில் தொடங்கத் துளசிராமுக்கு மனசு வரவில்லை. ஒன்பது மணி வரை காத்திருக்கலாமென்றால், பக்கத்து வயலில் பச்சை மிஷினோடு வந்து நிற்கும் ஜெயராம் காத்திருக்க மாட்டார். ஜெயராம் போட்டிக் கம்பெனியின் விற்பனையாளர். சட்டை மடிப்புக் கலையாமல் வயலுக்கு வருகிற ஆள்.

துளசிராம் கீழவாசல் பக்கத்து நெசவுக் குடும்பம். பரம்பரையில் நூலை விட்டு இரும்பைப் பிடித்த முதல் ஆள் தானே என்பதில் அவருக்குச் சொல்லி முடியாத பெருமை. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. நூல் அறுந்தால் முடிச்சுப் போடலாம், இரும்பு அறுந்தால் என்ன செய்வாய் என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் கேட்பார். மூன்று மாதமாக ஒரு வண்டிகூட விற்காததால் மகன் குனிந்து ரசத்தை ஊற்றிக்கொள்வார்.

இன்றைக்கு அதற்கெல்லாம் பதில் கிடைத்துவிடும். சோழவந்தான் பக்கம் எந்தக் கம்பெனி வண்டி எத்தனை வருஷம் உழைக்கும், எது எத்தனை மணி நேரத்தில் மூச்சு வாங்கும் என்பதெல்லாம் சோணைமுத்துவுக்கு விரல் நுனியில். அவர் தலையாட்டினால் ஊரே வாங்கும். ஆளுக்கு ரெண்டு ஏக்கர் அறுத்துக் காட்டுங்கள், எது நிற்காமல் ஓடுகிறதோ அதை வாங்குவது பற்றிப் பேசலாம் என்று அவரே சொல்லியனுப்பியிருந்தார்.

துளசிராம் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார். நல்ல நேரத்தில் வண்டி கால் வைத்துவிட்டது, ராகு காலம் முடிகிற வரை கம்பெனி வழக்கப்படி நாங்களாகவே நிறுத்தி வைக்கிறோம் என்றார். கம்பெனிக்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பது அவருக்கே அந்த நொடியில்தான் தெரியும்.

சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து வயலில் இறங்கிய பச்சை மிஷினும் இருமிக்கொண்டு நின்றது. ஜெயராம் கொஞ்சமும் அசராமல், தங்கள் கம்பெனியும் ராகு காலத்தை மதிக்கிற கம்பெனிதான் என்றார்.

சோணைமுத்து மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"சாமி காரியத்துக்கு நின்ன வண்டிய எப்படித் தம்பி எடை போடுறது? இந்த வயலு கணக்குல சேராது. இத முடிச்சுட்டு, அடுத்த வயல்ல காட்டுங்க."

பிழைத்தோம் என்று துளசிராம் உடனே சம்மதித்தார். ஜெயராமும்தான்.

ஒன்பது மணிக்கு மேல் பனி காய்ந்தது. சிவப்பு மிஷின் கணக்கில் சேராத வயலை வழித்து எடுத்தது. பார்க்கப் பார்க்கத் துளசிராமுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கணக்கில் சேர்கிற அடுத்த வயலுக்குள் நுழைந்ததும் வரப்போரக் கல்லில் மோதிக் கத்தியில் மூன்று பல் போயிற்று. மருது கல்லை எடுத்துக் காட்டினான்.

துளசிராம் அதைக் கையில் வாங்கி உயரத் தூக்கிப் பிடித்தார். இம்புட்டுப் பெரிய கல்லைக் கடித்தும் என்ஜின் அணையவில்லை, உழைப்பு என்றால் இதுதான் உழைப்பு என்றார். கூட்டம் ஒத்துக்கொண்டது. ஜெயராமுக்கு முகம் சுருங்கியது. தன் வண்டிக்கும் ஒரு கல் அகப்படவில்லையே என்று அவர் வரப்பைத் தேடியதைத் துளசிராம் கவனித்தார்.

பல் மாற்றி அந்த வயலும் முடிந்தபோது, நிமிர்ந்து நிற்கிற பயிரை எந்த வண்டியும் அறுத்துவிடும் என்று சோணைமுத்து பொதுவாகச் சொன்னார். அவர் பார்வை, காற்றில் சாய்ந்து கிடந்த மூன்று ஏக்கர் பக்கம் போயிற்று. துளசிராமுக்கு ரோஷம் வந்தது. சாய்ந்த கதிரை அறுப்பதுதான் எங்கள் வண்டிக்குப் பொழுதுபோக்கு என்றார். ஜெயராம், அதைத் தங்கள் வண்டி தூங்கிக்கொண்டே செய்யும் என்றார். ஆளுக்குப் பாதியாக இறங்கினார்கள்.

உண்மையிலேயே வண்டி அங்கே ஜோராக உழைத்தது. தரையோடு படுத்திருந்த கதிரைச் சீவி எடுத்து நெல்லாகக் கொட்டியது. அதைப் பார்த்த மயக்கத்தில், யாருமே கேட்காதபோது துளசிராம் வாயை விட்டார்.

"எங்க வண்டி சேத்துலயும் நிக்காதுய்யா."

வாய்க்காலை ஒட்டிய பள்ள வயல் மூன்று ஏக்கரும் சேறுதான். சோணைமுத்து வழி காட்டினார். வண்டி பாதிச் சக்கரம் வரை புதைந்தது.

இப்போது ஜெயராமின் நேரம். பச்சை மிஷினைக் கொண்டுவந்து, சங்கிலி கட்டி, எல்லோரும் பார்க்கும்படி இழுக்கச் சொன்னார். சிவப்பு மிஷின் கரையேறிய அதே நொடியில் பச்சை மிஷினுக்குள் பெல்ட் அறுந்து, வெடி போட்ட மாதிரி சத்தம் கேட்டது. ஜெயராம் மடிப்புக் கலையாத சட்டையோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

துளசிராமுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மருதுவை அனுப்பிப் பெல்ட் மாட்டிக் கொடுக்கச் சொன்னார். ஜெயராம் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இருவரும் மாறி மாறிக் குடித்தார்கள்.

அப்புறம் ரெண்டு வண்டியும் பள்ள வயலை ஓரத்திலிருந்து பதனமாக அறுத்து முடித்தன. அஞ்சு மணிக்குச் சோணைமுத்துவின் பதினான்கு ஏக்கரிலும் ஒரு கதிர்கூட நிற்கவில்லை. களத்தில் நெல் மலையாகக் குவிந்திருந்தது.

சோணைமுத்து ஊர் கேட்கத் தீர்ப்புச் சொன்னார்.

"பச்ச வண்டி நல்ல வண்டி. செவப்பு வண்டி அதவிட ஒரு பிடி மேல. நான் பாத்த வண்டியிலயே இதான் உழைப்பாளி."

துளசிராமின் தோளில் புதுத் துண்டு விழுந்தது. ஐம்பது பேர் கை தட்டினார்கள். ஜெயராமே வந்து கை கொடுத்தார். துளசிராமுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் துண்டோடு அப்படியே வீட்டுக்குப் போய் அப்பாவுக்கு எதிரில் சாப்பிட உட்கார வேண்டும் என்று நினைத்தார். ஆர்டர் பாரத்தை எடுத்துப் பேனா மூடியைக் கழற்றுவதற்குள், சோணைமுத்து சாக்கு எடுக்க ஆள் விடப் போயிருந்தார்.

அவர் மனைவி சுந்தரம்மாள் செம்பில் மோர் கொண்டுவந்தார். துளசிராம் வாங்கிக் குடித்துவிட்டு, ஐயா கையெழுத்துப் போட எப்போது வருவார் என்று பணிவாகக் கேட்டார்.

அந்த அம்மாள் அவரைப் பரிவோடு பார்த்தார்.

"வருசா வருசம் வார தம்பிமாரு எல்லாரும் இதத்தான் கேக்குறாக. மிசின வாங்கிப்புட்டா, அடுத்த அறுப்ப எவன் வந்து சும்மா அறுத்துக் குடுப்பான்?"