மாப்பிள்ளையின் மீன்தொட்டிக்கு நான் ஊற்றிய பாஸ்பேட்

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். உங்கள் மீன்கள் பதினேழும் எங்களைவிடச் சுகம். தொட்டிக்குள் இருக்கும் செடிகளைப் பற்றிக் கேட்காதீர்கள், நானே சொல்கிறேன். போனில் சொன்னால் என் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். அதனால்தான் உங்கள் பயிற்சி அலுவலக முகவரிக்குக் கடிதம்.

பயிற்சிக்காக இருவரும் வெளியூர் கிளம்பும்போது தொட்டியை எங்கள் ஹாலில் இறக்கிவிட்டு, "செடிக்கு உரம் மாமா, பாஸ்பேட், வாரத்துல மூணு நாள் ரெண்டு மில்லி, மறந்துடாதீங்க" என்றீர்கள். இருபத்தெட்டு வருஷமாக மருந்துக்கடையில் சிரப் அளக்கிற கை இது, எனக்கா சொல்கிறீர்கள் என்று சிரித்தேன். இரண்டு வாரம் ஜோராகப் போயிற்று. மூன்றாவது வாரம் தொட்டிக் கண்ணாடி முழுக்கப் பச்சைப் புள்ளியாகப் பாசி, அம்மை போட்ட மாதிரி. தேய்த்தேன், என் நகம் போயிற்றே தவிர புள்ளி போகவில்லை. நீங்கள் வாடிக்கையாகப் போகும் மீன்கடைக்காரரிடம் ஓடினேன். "பாஸ்பேட் பத்தலைன்னா இந்தப் பாசி வரும் சார், கூட்டி ஊத்துங்க" என்றார். நான்கு மில்லி ஊற்றினேன். புள்ளி குட்டி போட்டது. ஆறு ஊற்றினேன், பேரன் பேத்தி எடுத்தது. பாஸ்பேட் இருந்தால் அவர் கொடுத்த சோதனைக் குழாயில் தண்ணீர் நீலமாக மாற வேண்டுமாம், அது எனக்கென்ன என்று நிறமே மாறாமல் நின்றது. மறுபடி போய்ச் சொன்னால் அந்த மனிதர், கடையில் நாலு பேர் நிற்கும்போது, "கோவிச்சுக்காதீங்க சார், நெஜமாவே ஊத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டார். என்னை! "யோவ், டாக்டர் கிறுக்குறதையே படிச்சு மருந்து குடுக்கிறவன்யா நான். நீ வித்ததுதான் போலி!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, இனி அந்தக் கடை வாசலை மிதிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து தொட்டியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துவிடவும் வேண்டாம். பச்சையாக எது இருந்தாலும் அப்பா சாகடித்துவிடுவார் என்று உங்கள் மனைவி ஊரெல்லாம் சொல்லியாயிற்று. அளவு தவறாத கை என்ற ஒரு பெயர்தான் எனக்கு மிச்சம். அதைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு.

நீங்கள் இருவரும் மருந்துக்கடைப் பக்கமே வர வேண்டாத ஆரோக்கியத்தோடு வாழ ஆசீர்வதிக்கும்,
உங்கள் மாமா.

பி.கு.: உறையில் போடுமுன் உங்கள் அத்தையிடம் படித்துக் காட்டினேன். "அட, அந்த பாட்டிலா? அடியில கொஞ்சம்தானே இருந்துச்சு, குறையக் குறைய நான்தானே தண்ணி ஊத்தி ரொப்பி வைக்கிறேன்! ஷாம்பூ, பாத்திரம் கழுவுற சோப்பு எல்லாத்துக்கும் அப்படித்தானே?" என்கிறாள். நான் கூட்டக் கூட்ட அவளும் கூட்டியிருக்கிறாள். ஒரு மாதமாகத் தண்ணீருக்குத் தண்ணீரை, ஒரு சொட்டு பிசகாமல், அளந்து ஊற்றியிருக்கிறேன். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும், கடைக்காரர் உத்தமர். சாயங்காலமே போய் மன்னிப்புக் கேட்டுப் புது பாட்டில் வாங்கிவிட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "இதையாவது ஊத்துங்க சார்" என்றார், அவ்வளவுதான். பாட்டில் இப்போது என் கடையில், விஷ மருந்து அலமாரியில், பூட்டிப் பத்திரமாக இருக்கிறது.