எஃகுப்பாவைக்கு இடுப்பு கேட்டு

சித்திரக்கதை இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரும், உங்கள் 'எஃகுப்பாவை' யாரைப் பார்த்து வரையப்பட்டாளோ அந்தப் பளுதூக்கும் பெண்ணின் தகப்பனுமாகிய நான் எழுதுவது. நானும் என் மனைவியும் நலம். தாங்களும் தங்கள் குடும்பமும் தங்கள் அச்சு இயந்திரமும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். என் மகளின் நலத்தை மட்டும் ஒரு வரியில் சொல்லி முடிக்க முடியாததால்தான் இந்தக் கடிதம்.

தங்கள் ஓவியர் எங்கள் வீடு தேடி வந்தபோது நாங்கள் பூரித்துப்போனோம் என்பதை மறைக்கவில்லை. உண்மையான பலசாலிப் பெண் ஒருத்தியைப் பார்த்து ஒரு நாயகியை உருவாக்கப்போவதாகச் சொன்னார். மகளோடு பயிற்சிக்கூடத்துக்கே போய், எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவள் கம்பியைத் தூக்குவதையும் இறக்குவதையும் பார்த்துப் பார்த்துக் கிறுக்கினார். அங்கே அவளுக்குக் கிரேன் என்று பெயர். தொடை ஒவ்வொன்றும் ஒரு தூண்; கழுத்து தோளில் வந்து இறங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் மேடு. ஓவியர் வாயைப் பிளந்தார். "இப்படி ஒரு உடம்ப நான் பாத்ததே இல்லைங்க" என்றார். அது மட்டும் சத்தியமான வார்த்தை. பார்த்திருந்தால் அல்லவா வரைந்திருப்பார்.

முதல் இதழ் வந்தது. அட்டையில் எஃகுப்பாவை ஒரு பேருந்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். ஐயா, வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவன் சொல்கிறேன், அந்தப் பேருந்தில் ஒரு குறை இல்லை. சக்கரத்து நட்டு, கண்ணாடி துடைப்பான், பின்பக்கத்து நசுங்கல், எல்லாம் அச்சு அசல். தூக்குகிறவளுக்குத்தான் கை துடைப்பக்குச்சி. இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காம்பு. இரைப்பையையும் குடலையும் எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. ஒருவேளை பேருந்துக்குள் ஏற்றிவிட்டாளோ என்னவோ. காலில் ஆணி மாதிரி குதிகால் செருப்பு. பக்கத்தில் நிற்கிற வீரனுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை கவசம். இவளுக்கோ துணிப் பஞ்சம். குண்டு எல்லாம் அவன் மேல்தான் பாயும், இவளைக் கண்டால் விலகிப் போய்விடும் போலிருக்கிறது. போதாக்குறைக்கு, மார்பும் பிட்டமும் ஒரே நேரத்தில் வாசகரைப் பார்க்கும்படி உடம்பை ஈரத்துணி மாதிரி முறுக்கி வைத்திருக்கிறார். என் மனைவி அட்டையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு எங்கயோ சுளுக்கு பிடிச்சிருக்கு" என்றாள்.

நாங்கள் இருவரும் சிரித்தோம். மகள் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் தங்கை வந்தாள். படத்தை வாங்கி, கண்ணை விரித்து, மருமகளைப் பார்த்து, கொஞ்சம் இளைத்தால் நீயும் இப்படி ஆகிவிடலாமே என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் போனாள். யாரைப் பார்த்து யாரை வரைந்தது என்கிற கணக்கே அன்றோடு தலைகீழாகிவிட்டது. மகள் தட்டில் பாதியை ஒதுக்க ஆரம்பித்தாள். கேட்டால் பசியில்லை என்பாள். தேர்வுப் போட்டியில், தண்ணீர்க் குடம் மாதிரி அவள் அனாயாசமாகத் தூக்கும் எடை கையை விட்டு நழுவியது. முழங்கால் தரையில் இடித்தது. காற்றைக் குடித்துவிட்டுக் கம்பி தூக்கலாம் என்று எவன் சொன்னான் என்று பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் கத்தினார். திரும்பி வரும்போது பேருந்து ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "என்னப் பாத்து வரைஞ்ச படத்துலயே நான் இல்லப்பா. அப்ப நான் பாக்கச் சகிக்கலைன்னுதானே அர்த்தம்?"

மறுநாள் அவளே கிளம்பித் தங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் பின்னாலேயே வந்தேன். தாங்கள் வெளியூர் போயிருந்தீர்கள், தங்கள் அதிர்ஷ்டம். அட்டையை ஓவியரின் மேசைமேல் வைத்து, மிகப் பணிவாக, "சார், இதே மாதிரி நீங்க ஒரு தடவ நின்னு காட்டுங்க, போதும்" என்றாள். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. பேருந்துக்குப் பதிலாக ஒரு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கினார், மார்பை இந்தப் பக்கம் திருப்பினார், இடுப்பை அந்தப் பக்கம் திருப்பினார், குதிகாலை உயர்த்தினார். மர அளவுகோல் முறிகிற மாதிரி ஒரு சத்தம். அப்படியே சமைந்துவிட்டார். நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. லிஃப்ட் வேறு வேலை செய்யவில்லை. அலுவலகத்து ஆண்பிள்ளைகள் எல்லாம் கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் அவர் காலைப் பிடித்தார், இன்னொருவர் காலைப் பிடித்தவரைப் பிடித்தார். என் மகள் அவர்களை விலக்கிவிட்டு, குந்தி, அவரைத் தோளில் வாங்கி, எழுந்து படியிறங்கினாள். அவருடைய மூக்குக்கண்ணாடியையும் ஒற்றைச் செருப்பையும் எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். இரண்டு மாடி வரை முனகிக்கொண்டே வந்தவர், பிறகு, முகம் அவள் முதுகில் தொங்கிய நிலையில், "உங்க முதுகு இவ்வளவு அகலமா?" என்றார்.

"அன்னைக்கும் இதே முதுகுதான் சார். நீங்க முன்பக்கமாவே உக்காந்திருந்தீங்க" என்றாள் என் மகள்.

மருத்துவமனையில் மல்லாந்து படுத்தபடியே அவர் புதிதாக ஒரு படம் வரைந்தார். ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி படியிறங்குகிறாள். பாதம் தரையில் பாவியிருக்கிறது. இடுப்பு இருக்கிறது, அதுவும் நல்ல கெட்டியாக. கழுத்து மேடு இருக்கிறது, கக்கத்தில் வியர்வைகூட இருக்கிறது. மகள் வெகுநேரம் பார்த்தாள். "இது நான்தான்" என்றாள். அன்று அவளாகவே இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பயிற்சியாளர் மன்றாடி வாங்கித் தந்த மறுதேர்வில் அதே எடை தலைக்கு மேல் போய் அசையாமல் நின்றது.

இப்போது கேள்விப்படுகிறேன், அந்தப் படத்தைத் தாங்கள் திருப்பி அனுப்பிவிட்டீர்களாம். மூட்டை தூக்குகிற ஆள் மாதிரி இருக்கிறாள், விற்காது என்றீர்களாம். பேருந்தையே தூக்குகிறவள் மூட்டை தூக்குகிறவளைப் போல இல்லாமல் வேறு யாரைப் போல இருப்பாள்? பெண்ணுக்குப் பலம் இருக்கலாம், ஆனால் அது உடம்பில் எங்கேயும் தங்கக்கூடாது என்பது எந்த ஊர் நியாயம்? அழகுபடுத்துகிறேன் என்று ஒருத்தியை அவளிடமிருந்தே களவாடுவது கலை என்றால், என் பேருந்தில் பிக்பாக்கெட் அடித்தவர்கள் எல்லாருமே கலைஞர்கள்தான். ஆகவே அந்தப் படத்தை வரைந்தது வரைந்தபடி, ஒரு கோடு குறையாமல் அட்டையில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். மறுத்தால் மகள் நேரில் வருவாள். அடிக்க மாட்டாள், வளர்ப்பு அப்படி. தங்களையும் ஒரு தடவை நின்று காட்டச் சொல்வாள்.

தங்களுக்கும் தங்கள் இல்லத்தாருக்கும் நீண்ட ஆயுளும் நேரான முதுகெலும்பும் வாய்க்கட்டும் என்று வாழ்த்தும்,

எஃகுப்பாவையின் அசல் தகப்பன்

பி.கு.: படத்தில் கண்ணாடியும் ஒற்றைச் செருப்புமாகப் பின்னால் வருகிறவன் நான். ஓவியருக்குப் புதிதாக வந்த உண்மை வெறியில் என்னையும் உள்ளபடியே வரைந்துவிட்டார். அட்டைக்குப் போகும் முன் அந்த ஆளின் வயிற்றைச் சற்று உள்ளே தள்ளி, தோளைக் கொஞ்சம் விரித்து, தலையில் நாலு முடி சேர்த்தால் யாருக்கும் நட்டமில்லை. படம் பார்ப்பதற்கும் நன்றாக இருக்க வேண்டும் அல்லவா. மகளுக்குத் தெரிய வேண்டாம்.